பதின்மூன்று பேர் கீழே வரவில்லை

எங்கள் ஆபீஸில் அவருக்குப் 'பின்வாசல்' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது, நேரில் மேடம்தான். படுத்த படுக்கையாய் இருப்பவர்களையும் நடக்க முடியாத பெரியவர்களையும் வைத்துப் பராமரிக்கிற இல்லங்களுக்குப் போய், பாதுகாப்பு எப்படி, நிர்வாகம் எப்படி என்று பார்த்து மார்க் போடுவது எங்கள் வேலை. மற்ற ஆய்வாளர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முன்வாசல் வழியாகப் போவோம். வரவேற்பறை, பூ ஜாடி, நிர்வாகியின் கும்பிடு, டீ. மேடம் மட்டும் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, குப்பைத்தொட்டி இருக்கிற பக்கமாக நடந்து போய்ச் சமையலறைக் கதவைத் தட்டுவார்.

"முன்பக்கம் எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். விருந்தாளி வர்ற பக்கம் ஆச்சே. குடும்பம் எப்படி நடக்குதுன்னு பின்னாடி போனாத்தான் தெரியும்" என்பார்.

போனதும் சமையல்காரரிடம்தான் பேச்சு. எத்தனை தட்டு மேலே போகிறது, அதில் எத்தனை தட்டு சாப்பாட்டோடு அப்படியே திரும்பி வருகிறது என்று கேட்பார். பிறகு படுக்கை படுக்கையாகப் போவார். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, கூப்பிடுகிற மணியின் கயிறு எட்டுகிறதா, நகம் வெட்டியிருக்கிறதா. போர்வையை விலக்கி, முதுகையும் இடுப்பையும் பார்க்காமல் ஒரு படுக்கையை விட்டும் நகர மாட்டார். ஒரு இடத்தில் கட்டிலுக்கு மேலே தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததை அதில் எழுதிவைக்க வேண்டும். அங்கிருந்த பெண்ணிடம் நயமாகக் கேட்டார்:

"நாலு மணிக்கு எந்தப் பக்கம்மா படுக்க வெச்சீங்க?"

"இடது பக்கம் மேடம். எழுதியிருக்கேனே."

"நல்லது. இப்ப மணி என்ன?"

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டேகால். பதினைந்து நாளில் அந்த இல்லத்தின் உரிமம் போயிற்று. இந்தக் கதையை எங்கள் ஆபீஸில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லிச் சிரிப்போம். சிரித்துவிட்டு நாங்கள் பாட்டுக்கு முன்வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்தோம்.

மேடத்துக்கு ஒரே ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவர். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்த வீடு. அப்பா வேலை வேலை என்று வெளியூரிலேயே கிடந்தவர். அக்காதான் தலைவாரி, சோறு ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தார். பதினேழு வயதில் சட்டை தைக்கும் ஆலையில் சேர்ந்து முப்பத்தாறு வருஷம் காலர் தைத்தார். காலர் மட்டும்தான். "நான் ஒரு முழுச் சட்டை தைச்சதே கிடையாது, ஆனா இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க கழுத்தைப் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் இருந்தது: "வரன் வரும்போதெல்லாம் இவளுக்குப் பரீட்சை இருந்துச்சு. இவ பரீட்சை எல்லாம் முடிஞ்சப்ப வரன் எல்லாம் முடிஞ்சு போச்சு." ஆபீஸுக்கு ஒருமுறை வந்தபோது எங்கள் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொன்னார். மேடம் சிவந்துபோய் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஊரையே நடுங்கவைக்கிறவர் ஒருத்தரிடம் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவதைப் பார்க்க எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் விழுந்துவிட்டன. நல்லவேளையாகப் பேச்சு தப்பியது. மேடமும் அவர் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் நிலைக்கவில்லை. குளியலறையில் இரண்டு தரம் விழுந்த பிறகு, அக்காவே சொல்லிவிட்டார்: "உனக்குத்தான் எல்லா இடமும் தெரியுமே, ஒண்ணுல கொண்டுபோய் விடு."

ஊருக்கெல்லாம் மார்க் போடுகிறவர், சொந்த அக்காவுக்கு ஓர் இடம் தேட மூன்று மாதம் அல்லாடினார். தான் பார்த்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு குறை அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் தான் ஒருதரமும் ஆய்வுக்குப் போகாத ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தார். புதிதாகத் திறந்தது. கீழ்த்தளமும் ஒரு மாடியும். அதற்கு மார்க் போட்டவன் நான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. என் மேஜைக்கு வந்து, "நெசமாவே நல்லா இருக்கா?" என்று கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டு சேக்கலாம் மேடம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்போது மாடியில் ஐந்து பேர்தான் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஆய்வாளரின் உறவினர் எந்த இல்லத்தில் இருக்கிறாரோ, அந்த இல்லத்தின் ஆய்வில் அந்த ஆய்வாளர் தலையிடக் கூடாது. நாங்களாக இருந்தால் விதி விதியாக இருக்கட்டும், நம் ஆளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று இருந்திருப்போம். மேடம் அப்படியில்லை. விதி ஒரு முழம் கேட்டால் அவர் ஒரு கஜம் கொடுப்பார். அந்த இல்லத்தில் உறவினர்கள் மாடிக்குப் போகக் கூடாது, தொற்று வந்துவிடும், கீழ்க்கூடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். வேறு இடமாக இருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி அதனாலேயே நிர்வாகியை அடித்திருப்பார். இங்கே வாயைத் திறக்கவில்லை. "நான் கேட்டா தங்கச்சி கேட்டதா இருக்காது, அதிகாரி கேட்டதா ஆயிடும். பதவியக் காட்டி சலுகை வாங்கினேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார். முன்வாசல் வழியாக. கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, சால்வை போர்த்தி, சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார். திங்கட்கிழமை, "அக்கா எப்படி மேடம்?" என்று கேட்போம். "இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா. வயசாவுதுல்ல" என்பார்.

இந்த இடத்தில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வருஷாவருஷம் அந்த இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனவன் நான்தான். இரண்டாவது வருஷம் போனேன். நிர்வாகி மெல்லப் பேசுகிற மனிதர், வாய் நிறையச் சிரிப்பார். "சார், மேடத்தோட அக்காவே நம்மகிட்டதான் இருக்காங்க" என்றார். அட, ஆமாம்! எங்கள் ஆபீஸிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் வாராவாரம் வந்து போகிற இடம். இங்கே ஒரு தூசு இருந்தால்கூட அவர் விட்டுவைத்திருப்பாரா? இதில் நான் போய் என்னத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறேன்? டீ குடித்தேன், ரெஜிஸ்டரைப் புரட்டினேன், கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன், எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். தொண்ணூற்று நான்கு. மூன்றாவது வருஷமும் அதே டீ, அதே டிக். மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

இந்த வருஷம் படிவத்தை மாற்றியிருந்தார்கள். வேறெங்கோ நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு, 'அபாய மணி உள்ளது' என்று டிக் போட்டால் போதாது. மணியை அடித்து, எல்லோரும் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு எழுத வேண்டும் என்று ஒரு புதுக் கட்டம். நிர்வாகி அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் வயசானவங்கள அலைக்கழிக்கணும், நாலு நிமிஷம்னு போட்டுக்குங்க" என்றார். பேனாவைத் திறந்துவிட்டேன். நான்கு என்று எழுதியும் இருப்பேன். நியாய உணர்ச்சி ஒன்றும் பொங்கி என்னைத் தடுக்கவில்லை. போன வாரம்தான் என் மகள் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் நொடி ஓடும். அதை அமுக்கிப் பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மணியை அடித்தேன். பொத்தானை அமுக்கினேன். கீழ்த்தளத்தில் கதவுகள் திறந்தன. கோலூன்றியும் நாற்காலியிலும் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்தார்கள். ஒரு பெரியவர் பாதி மழித்த முகத்தோடு வந்து, "நெருப்பு எங்கய்யா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். நான் எண்ணினேன். பதினேழு. பட்டியலில் முப்பது. நான்கு நிமிஷம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. மாடியிலிருந்து யாரும் வரவில்லை. மாடியில் யாரும் சத்தம்கூடப் போடவில்லை.

"மேல இருக்கறவங்க?" என்றேன்.

"அவங்க படுத்திருப்பாங்க சார்."

"மணி அடிச்சதே, கூட இருக்கற ஆளாவது எட்டிப் பாக்கணும்ல?"

நிர்வாகியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் சிரிப்பு இல்லை.

படியேறினேன். மாடிக் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே சமையலறையில் ஓர் ஆணியில் தொங்கியது அந்தச் சாவி. மாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு பெண், கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்துவந்து திறந்தபோது என் கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் ஓடியிருந்தது.

கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டேன். மூத்திரம், மலம், அதற்கு மேலே பவுடர், இவை எல்லாவற்றுக்கும் அடியில் அழுகல். ஐந்து கட்டில் இருந்த கூடத்தில் பதின்மூன்று கட்டில். நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அபாய மணியின் கம்பியைச் சுவரோடு நறுக்கி விட்டிருந்தார்கள். சத்தம் கேட்டால் இவர்கள் பயந்து கத்துகிறார்களாம். பின்பக்கம் அவசர வழிக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டு. கூப்பிடும் மணிக் கயிறுகளை எல்லாம் எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். நெருப்பு பிடித்திருந்தால்? நான் அங்கேயே நின்று அதை நினைத்துப் பார்த்தேன். பதின்மூன்று பேர். என் தொண்ணூற்று நான்கு மார்க்.

மேடத்தின் அக்கா ஜன்னல் பக்கம் மூன்றாவது கட்டிலில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க தம்பி. தங்கச்சி அனுப்பிச்சாளா?"

வீட்டுக்கு வந்தவனை உட்காரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். கட்டிலுக்கு மேல் அட்டை தொங்கியது. அப்போது மணி பதினொன்றரைதான், அட்டையிலோ மாலை ஆறு மணி வரை இடது, வலது, இடது என்று எழுதி முடித்திருந்தார்கள். போர்வையை விலக்கினேன். அந்தப் பெண்ணை உதவிக்குக் கூப்பிட்டு மெதுவாகப் புரட்டினோம். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். நடுவே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு என்பது புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இப்ப அவ்வளவா இல்ல. முன்ன வலிச்சுது" என்றார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், மேலதிகாரிக்குச் சொன்னேன், தீயணைப்புக்காரர்களுக்குச் சொன்னேன். மேடத்துக்குப் போன் செய்ய மட்டும் கை வரவில்லை. மூன்று தரம் நம்பரைத் தேடி எடுத்து, மூன்று தரமும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். கடைசியில் பேசினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "நான் வரேன்" என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டார்.

இருபது நிமிஷத்தில் வந்தார். நேரே மாடிக்குப் போனார். 'உறவினர்கள்' பலகையைத் தாண்டி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. ஆம்புலன்ஸ்காரர்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் புண்ணைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், நிர்வாகியின் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. பிறகு என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"போன வருஷம் மாடிக்கு வந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இல்ல மேடம். நீங்க வாராவாரம் வர்ற எடம். உங்க அக்காவே இருக்காங்க. இங்க தப்பு நடந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்கன்னு..."

அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் உங்க மார்க்கைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "அக்கா இளைச்சுப் போயிருந்தா. ஒருபக்கமா சாஞ்சே உக்காருவா. அவ்வளவு பவுடர் எதுக்குன்னு எனக்குத் தோணுச்சு. வேற எடமா இருந்தா அந்தப் பவுடர் வாசனைக்கே போர்வையத் தூக்கியிருப்பேன். ஞாயித்துக்கிழமை சந்தேகப்படுவேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல போய் உங்க ரிப்போர்ட்டப் பாப்பேன். தொண்ணூத்தி நாலு. நமக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகம்னு சமாதானம் ஆயிடுவேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்த இல்லத்தை அன்று மாலைக்குள் மூடினார்கள். பதின்மூன்று பேரில் நான்கு பேருக்கு அதே மாதிரி புண். அக்காவுக்கு மறுநாளே அறுவை சிகிச்சை. ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது, இரண்டு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்று டாக்டர் கைவிரித்தார். மேடம் ஆஸ்பத்திரியைவிட்டு நகரவில்லை. நான்காம் நாள் ஜுரம் இறங்கியது. ஆறாம் நாள், "இங்க சூப்புல உப்பே போட மாட்டாங்களா?" என்று அக்கா நர்ஸிடம் சண்டை போட்டாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வழக்குக்கு அக்காவின் வாக்குமூலம் வேண்டும். என்னைத் தவிர வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் மன்றாடினேன். "உன் மேல விசாரணை தனியா நடக்கும். பாத்த சாட்சி நீதான், நீயே போய் எழுதி வாங்கு" என்றார். போனேன். வாக்குமூலம் வாங்கும்போது உறவினர் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. மேடத்திடம் சொல்ல வாயெடுத்தேன். "விதியாவது மண்ணாவது" என்று நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினேன். எப்போதிலிருந்து புண்? எத்தனை நாளுக்கு ஒருமுறை துணி மாற்றினார்கள்? கதவை எப்போதெல்லாம் பூட்டுவார்கள்? அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். இடையிடையே, "அந்தப் பொண்ணப் போட்டுப் பாத்திரம் கழுவ வெச்சா அவதான் என்ன பண்ணுவா, பாவம்" என்று அவளுக்கும் பரிந்து பேசினார். கடைசிக் கேள்வி படிவத்திலேயே அச்சாகியிருந்தது: இந்தக் குறைகளை இதுவரை எவரிடமும் தெரிவிக்காதது ஏன்?

"பயமுறுத்தினாங்களாம்மா? சொன்னா அடிப்போம்னு, அந்த மாதிரி?"

"சேச்சே. யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன ஏம்மா மேடத்துகிட்ட சொல்லல? வாராவாரம் எதிர்ல உக்காந்திருந்தாங்களே?"

அக்கா என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"இவகிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு தம்பி? இந்த வேலையே இவளோடதுதானே. எங்க என்ன நடக்குதுன்னு இவளுக்குத் தெரியாததா? பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறான்னா, எல்லா எடத்துலயும் இப்படித்தான் இருக்கும் போல, சட்டத்துலயே இவ்வளவுதான் போலன்னு இருந்துட்டேன். சொன்னா இவளுக்குத்தானே சங்கடம்."

மேடம் அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

அக்கா சிரித்தார். அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு, சரியாக எழுதவில்லை என்று வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"போடி. உனக்கா தெரியாது?"

என் பேனா நின்றுவிட்டது. இதையும் எழுத வேண்டுமா என்று மேடத்தைப் பார்த்தேன்.

"எழுதுங்க" என்றார்.